பேம்பு லேப் ஏ1 மினி: பொம்மை அடிக்கவா, பொருள் படைக்கவா?

பேம்பு லேப் கம்பெனியின் ஏ1 மினி நல்ல 3டி பிரிண்டர், அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக வைத்துப் பொருள் அடிக்கும் மெஷின். அதில் பெரிய விவாதம் இல்லை. பெட்டியைப் பிரித்து, சில திருகுகளை முடுக்கி, ஃபிலமென்டை (பிளாஸ்டிக் நூல்) மாட்டிவிட்டால் அன்றைக்கே முதல் பொம்மை கைக்கு வந்துவிடும். வில்லங்கம் அந்த முதல் பொம்மையில்தான் தொடங்குகிறது. போன் செயலியைத் திறந்தால் மேக்கர்வேர்ல்டு என்ற மாடல் கிடங்கு. பிடித்த படத்தைத் தொட்டால் மெஷின் தானாக அடிக்கும். டிராகன், ஆக்டோபஸ், செல்போன் ஸ்டாண்டு, பெயர் போட்ட சாவிக்கொத்து. கொஞ்ச நாளில் அலுத்துப்போய் மெஷின்மேல் துணி விழும்.

இது இந்த கம்பெனியின் குற்றம் மட்டும் அல்ல. பள்ளிகளில் 3டி பிரிண்டர், லேசர் கட்டர் வைத்த ஆய்வகங்களைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான பாவ்லோ பிளிக்ஸ்டீன் 2013-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்: சாவிக்கொத்து நோய். லேசர் கட்டரில் சாவிக்கொத்து செய்யக் கற்ற பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அடுத்த வேலைக்கு நகரவே மனமில்லை. உழைப்பு குறைவு, பாராட்டு அதிகம். பிறகு ஏன் நகர்வார்கள்?

ஆகவே இந்த மதிப்பீட்டில் வேகம், பளபளப்பு எல்லாம் இரண்டாம்பட்சம். ஒருமுறை அடித்ததும் அடுத்ததைச் செய்யத் தூண்டுகிற ஒரு வேலைக்கு இந்த மெஷின் தோதுப்படுமா என்பதே கேள்வி. உரைகல்லாக எடுத்துக்கொண்டது ஒரு சிக்குக் கோலப் பெட்டி: கோலத்தின் துண்டு பதிந்த சதுரச் சில்லுகளை ஒரு சட்டத்துக்குள் அடுக்கி விதவிதமாகக் கோலம் போடலாம்.

மெஷின், சுருக்கமாக

2023 செப்டம்பரில் வெளிவந்தது. அடிக்கக்கூடிய அளவு மூன்று பக்கமும் 180 மி.மீ. எடை ஐந்தரை கிலோ. நாசில் (பிளாஸ்டிக் உருகி வெளிவரும் மூக்கு) 300 டிகிரி வரை, பெட் (பொருள் உட்காரும் தட்டு) 80 டிகிரி வரை சூடாகும். பி.எல்.ஏ, பி.இ.டி.ஜி, டி.பி.யு என்ற மூன்று வகை பிளாஸ்டிக்கும் ஓடும். மூடிய கூடு இல்லாததால் ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் ஆசையை விட்டுவிடலாம். பெட் மட்டம், நாசில் உயரம் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கருவி எதுவும் இல்லாமல் நாசிலைக் கழற்றி மாட்டலாம். நாலு ஃபிலமென்ட் சுருள் (ஸ்பூல்) மாட்டி நிறத்தைத் தானாக மாற்றும் ஏ.எம்.எஸ் லைட் தனியாக விற்கிறார்கள்; கீழே சொல்லப்போகும் வேலைக்கு அது தேவையே இல்லை.

வேகம் வினாடிக்கு 500 மி.மீ என்று அட்டையில் இருக்கும். அது உச்ச வேகம். சிறு சில்லு அடிக்கும்போது தலை அந்த வேகத்தைத் தொடும் முன்பே திரும்ப வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியது முடுக்கம்: வினாடி வர்க்கத்துக்கு 10,000 மி.மீ. பெட் முன்னும் பின்னும் அந்த உதறலோடு ஓடும்போது பிளாஸ்டிக் டீப்பாயும் சேர்ந்து ஆடும், கோட்டின் ஓரத்தில் அலை விழும். கல் மேடை, இல்லாவிட்டால் கனமான மர மேசை.

எதைச் செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு வேலை தொடர்ந்து வளர வேண்டுமானால் முதலில் அடிப்பது முடிந்த பொருளாக இருக்கக் கூடாது. அடுத்து வருவது வந்து பொருந்துகிற ஓர் அளவாக இருக்க வேண்டும். கிரிட்ஃபினிட்டி என்ற அடுக்குப் பெட்டி முறை உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் அதன் 42 மி.மீ கட்டம். யார் எதைச் செய்தாலும் அந்தக் கட்டத்தில் உட்காரும். நம்மிடம் அதைவிடப் பழைய கட்டம் இருக்கிறது: புள்ளி. கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்பதைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970-களிலேயே கணினியியல் பாடமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

நேர்ப்புள்ளி வைத்த சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரச் சில்லுக்கு நடுவில் வைத்தால், சில்லின் நாலு பக்கத்திலும் இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். ஒன்று, கோடு பக்கத்தின் நடுவில் அடுத்த சில்லின் கோட்டோடு குறுக்கிட்டுப் போகும். இது திறந்த பக்கம், அதாவது சில்லுக்கு ஒரு முனை. அல்லது உள்ளேயே வளைந்து திரும்பிவிடும்; இது மூடிய பக்கம். நாலு பக்கம், இரண்டு வாய்ப்பு: மொத்தம் 16. திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஆறே ஆறு: வட்டம், ஒரு முனை உள்ள துளி, எதிரெதிர் இரு முனை, அடுத்தடுத்த இரு முனை, மூன்று முனை, நாலு முனை.

ஆறு அச்சுதான். ஆனால் 3×3 புள்ளிக்கு உள்பக்கங்கள் (இரண்டு சில்லு சேரும் பக்கங்கள்) 12. ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்பதால் 4,096 கோலம். 5×5 புள்ளிக்கு உள்பக்கம் 40. பெருக்கிப் பார்ப்பதை வாசகருக்கே விடுகிறோம்.

வரைவது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆறு சில்லையும் தனித்தனியாகக் கையால் வரைந்தால் முனைகள் ஒரு மி.மீ அப்படி இப்படிப் போகும். சேர்த்து வைக்கும்போது கோடு உடைந்து தெரியும். ஆறு வரைய வேண்டியதில்லை, இரண்டு வரைந்தால் போதும். 30 மி.மீ சதுரத்தை மூலைவிட்டத்தால் நாலு முக்கோணமாகப் பிரியுங்கள். மூடிய பக்கத்துக்கான முக்கோணத்தில் வருவது, புள்ளியை மையமாகக் கொண்டு 10.6 மி.மீ ஆரத்தில் வரைந்த கால்வட்டம். திறந்த பக்கத்துக்கான முக்கோணத்தில், அந்த வளைவு மூலைவிட்டத்தைத் தொடும் அதே இடங்களிலிருந்து பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இரண்டு நேர்க்கோடு. அவை பக்கத்தை 45 டிகிரியில் தொடும், அதனால் பக்கத்துச் சில்லோடு சேரும்போது சுத்தமான பெருக்கல் குறி விழும். வளைவும் கோடும் சேருமிடத்தில் முறிவு தெரியாது, ஏனெனில் அந்தக் கோடு வட்டத்துக்குத் தொடுகோடு. இந்த இரண்டு துண்டையும் 90 டிகிரி திருப்பித் திருப்பி ஒட்டினால் ஆறு சில்லும் கிடைத்துவிடும்.

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து எஸ்.வி.ஜி கோப்பாகச் சேமித்து, டிங்கர்கேட் என்ற 3டி வடிவமைப்புத் தளத்தில் உயரம் கொடுப்பது எளிய வழி. இரண்டு பொறி உண்டு. ஒன்று, தடிமன் கொடுத்த கோடு 'ஸ்ட்ரோக்' ஆகவே இருந்தால் டிங்கர்கேட் அதன் உட்புறத்தை நிரப்பி, வட்டம் வளையமாக வராமல் அப்பளமாக வந்து நிற்கலாம். சேமிக்கும் முன் 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுத்து, எல்லாத் துண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். இரண்டு, அளவு மாறி இறங்கலாம். இறக்கியதும் ரூலரை வைத்து அகலம் 30 தானா என்று பாருங்கள்.

அளவுகள்: கோட்டின் அகலம் 2.5 மி.மீ, நடுப்புள்ளியின் விட்டம் 4 மி.மீ, அடித்தளம் 2.4 மி.மீ, அதற்குமேல் கோடும் புள்ளியும் 0.8 மி.மீ எழும்பி நிற்க வேண்டும். டிங்கர்கேடில் கோட்டுக்கு 1 மி.மீ உயரம் கொடுத்து 0.2 மி.மீ அடித்தளத்துக்குள் அமுக்கிவிடுங்கள்; வெறுமனே மேலே தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்லைசர் (வடிவத்தை மெஷினுக்கான அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருள்) சில நேரம் அதைத் தனிப் பொருளாக நினைத்துக் குழம்பும். சில்லின் வெளி அளவு 29.8, சட்டத்தின் உள் அளவு 150. மூலையைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் பெட்டை விட்டுக் கிளம்பாது.

அடிப்பது

180 மி.மீ பெட்டில் 5×5 ஆக 25 சில்லு, இடையில் 3 மி.மீ விட்டால் 161 மி.மீ-க்குள் அடங்கிவிடும். இந்த வேலைக்கு ஏ1 மினியின் சின்ன பெட் குறையே இல்லை. பிளேட் ஒன்றுக்கு, அதாவது ஒருமுறை அடிக்கும் 25 சில்லுக்கு, சுமார் 70 கிராம். இரண்டு பிளேட், அதாவது 50 சில்லும் ஒரு சட்டமும் சேர்த்து 200 கிராமைத் தாண்டாது; ஒரு கிலோ ஸ்பூலில் ஐந்து பெட்டி.

ஐம்பதைப் பிரிக்கும் விதம்: நாலு முனை 9, மூன்று முனை 12, அடுத்தடுத்த இரு முனை 10, எதிரெதிர் இரு முனை 6, துளி 9, வட்டம் 4. ஒவ்வொன்றிலும் சமமாக அடித்தால் நாலு முனைச் சில்லு பற்றாமல் போகும், வட்டம் வீணாகக் கிடக்கும். கோலத்தின் வெளி விளிம்பு எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்பதால் மூலைக்கு இரண்டு முனைக்கு மேலும், ஓரத்துக்கு மூன்று முனைக்கு மேலும் வராது. எல்லா உள்பக்கமும் திறந்த 5×5 கோலத்துக்கு வேண்டியது மூலைக்கு 4, ஓரத்துக்கு 12, நடுவே நாலு முனை 9. அந்த ஒன்பதுதான் கணக்கின் அடிப்படை.

நிறத்துக்கு ஏ.எம்.எஸ் வேண்டாம் என்றோம். அடுக்கு உயரம் 0.2 மி.மீ என்றால் அடித்தளம் 12 அடுக்கில் முடிகிறது. ஸ்லைசரின் முன்னோட்டத்தில் பக்கத்துச் சறுக்குக்கோலை 13-ஆம் அடுக்குக்குக் கொண்டுவந்து வலது கிளிக்கில் 'பாஸ்' சேருங்கள். மெஷின் அங்கே நிற்கும். காவி ஃபிலமென்டைக் கழற்றி வெள்ளையை மாட்டித் தொடரலாம். 25 சில்லுக்கும் சேர்த்து ஒரே ஒரு நிற மாற்றம். நாசிலில் தங்கிய காவி சுத்தமாக வெளியேறி வெள்ளை தூய்மையாக வரும்வரை ஃபிலமென்டை ஓடவிடுங்கள், இல்லையெனில் முதல் சில்லு ரோஸ் நிறத்தில் வரும். எழும்பிய கோடு வேண்டாம், தளத்தோடு சமமாக நிறம் பதிய வேண்டும் என்று ஏ.எம்.எஸ் லைட்டை நம்பி இறங்கினால் ஒவ்வோர் அடுக்கிலும் நிறம் மாறும். மாறும்போதெல்லாம் மெஷின் கழிவுச் சுருளைப் பக்கத்தில் துப்பும். சின்ன வேலையில் கழிவு பொருளோடு போட்டி போடும்.

25 சில்லை முதலிலேயே அடித்துவிடாதீர்கள். முதலில் ஒரே வரிசையாக ஐந்து சில்லும், உள் அளவு 150 மி.மீ உள்ள ஒரு வெறும் பட்டைச் சட்டமும். காரணம் கூட்டுப்பிழை. முதல் அடுக்கு பெட்டில் அழுந்திச் சற்றே வெளியே பிதுங்கும். இதற்கு யானைக்கால் என்றே பெயர். ஒரு சில்லுக்குக் கால் மி.மீ என்பது கண்ணுக்குத் தெரியாது. ஐந்து சேர்ந்தால் 1.25 மி.மீ, சட்டத்தில் இருக்கும் இடைவெளியோ 1 மி.மீ. நாலு சில்லு உட்காரும், ஐந்தாவது உட்காராது. ஸ்லைசரில் 'எலிஃபன்ட் ஃபுட் காம்பன்சேஷன்' என்ற மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, 0.05 மி.மீ வீதம், கூட்டிச் சரிசெய்யுங்கள். சில்லைத் தேய்த்துச் சரிசெய்வது வேண்டாத வேலை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அடிக்கும் சில்லும் இதே சட்டத்தில் உட்கார வேண்டுமே!

ஏ1 மினி தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். ஒருமுறை அந்த எண்ணைப் பிடித்துவிட்டால், அதே ஃபிலமென்டில் இருபத்தைந்தும் ஒரே அளவில் வந்து விழும். பெட்டைக் கையால் மட்டம் பார்க்கும் பழைய எண்டர்-3 வகை மெஷினில் ஒரு மூலைச் சில்லு அழுந்தியும் எதிர்மூலைச் சில்லு ஒட்டாமலும் வருவது சகஜம்.

சட்டத்துக்கு 1.2 மி.மீ தளம் போதும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் 12 மி.மீ துளை விடுங்கள். அது இல்லாவிட்டால் நெருக்கி அடுக்கிய சில்லை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

அடித்த பிறகு என்ன நடக்கிறது

எல்லா உள்பக்கமும் திறந்த 5×5 கோலத்தை அடுக்கி, விரலால் கோட்டைப் பின்தொடரச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்துக்கே சீக்கிரம் திரும்பி வந்துவிடும். கோலத்தின் பெரும்பகுதி தொடப்படாமல் நிற்கும். அதில் இருப்பது ஒரு கோடு அல்ல, ஐந்து தனித்தனிக் கண்ணி. செவ்வகப் புள்ளிக்கு இதில் ஒழுங்கு உண்டு: நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கண்ணி. 4×5 என்றால் ஒன்று, 4×4 என்றால் நாலு. எட்டாம் வகுப்புக்கு முன்பே படித்த மீ.பொ.வ. வாசலில் கிடந்திருக்கிறது.

இப்போது ஐந்தை ஒன்றாக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு கண்ணிகள் குறுக்கிடும் ஒரு பக்கத்தை மூடினால் அவை இரண்டும் ஒன்றாகிவிடும். எனவே நாலு பக்கத்தை மூடினால் போதும், ஆனால் எந்த நாலு? கீழ் வரிசையின் நடு மூன்று சில்லுக்கும் அவற்றின் மேல் சில்லுக்கும் இடையே மூடினால் ஐந்து இரண்டாகக் குறைகிறது. நாலாவதையும் அதே மாதிரி இன்னொரு ஓரத்தில் மூடினால் பலன் இல்லை. ஏற்கெனவே ஒன்றானதையே மறுபடி தொடுவதால் கண்ணி குறையாது. இடது கீழ் மூலைக்கும் அதன் மேல் சில்லுக்கும் இடையே மூடுங்கள்: ஒரே கோடு. மேலே சொன்ன 50 சில்லுக்குள்ளேயே இந்த மாற்றம் முழுவதையும் செய்துவிடலாம்.

இதற்குமேல் மெஷின் பக்கம் திரும்ப யாரையும் உந்த வேண்டியதில்லை. இரண்டு புள்ளியை ஒன்றாக வளைக்கும் 60×30 சில்லு கேட்பார்கள். ஊடுபுள்ளிக் கோலம் ஏன் வரவில்லை என்பார்கள். அதற்கு அறுகோணச் சில்லு வேண்டும். ஆறு அச்சு அங்கே 14 ஆகிறது. வாசலில் மாவு போட அச்சுத்தட்டு செய்யப் போனால் புதுச் சிக்கல்: கோட்டை வெட்டி எடுத்தால் கண்ணிக்குள் இருக்கும் துண்டு தனியாகக் கழன்று விழும், பாலம் கொடுத்துப் பிடிக்க வேண்டும். துளையின் அளவையும் ஊகிக்காதீர்கள். 1, 1.5, 2, 2.5, 3 மி.மீ துளைகள் உள்ள ஒரு பட்டையை முதலில் அடித்து, உங்கள் கோலமாவு எதில் இறங்குகிறது, மார்கழி ஈரத்தில் அரிசிமாவு எதில் அடைக்கிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

குறைகள்

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. பள்ளி, கல்லூரி நெட்வொர்க்கில் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சிக்னல் விட்டிருந்தால் அது மெஷினின் கண்ணுக்கே படாது; அப்போது மைக்ரோ எஸ்.டி கார்டில் கோப்பைப் போட்டு அடிக்கலாம்.

இணையச் சார்பு கொஞ்சம் உறுத்துகிறது. 2025 ஜனவரியில் வெளி மென்பொருள்கள் மெஷினோடு நேரடியாகப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் மாற்றத்தைக் கம்பெனி அறிவித்தது. பயனர்கள் கொதித்த பிறகு டெவலப்பர் மோட் என்று ஒரு வழி விட்டார்கள். பள்ளிக்கு வாங்குகிறவர்கள் லேன் மோடில் (இணையம் இல்லாமல் உள் நெட்வொர்க்கில் மட்டும்) வைத்துக்கொள்வதே மேல். அதில் ஒரு மறைமுக லாபம், மாடல் கிடங்கு ஒரு படி தள்ளிப்போகும்.

2024 தொடக்கத்தில் பெட் வயர் பிரச்சினையால் திரும்பப் பெறப்பட்டது பெரிய ஏ1, மினி அல்ல. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கூடு இல்லாததால் மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சட்டத்தின் மூலை கிளம்பும். பெட் பிளேட்டில் விரல் பட்ட இடத்தில் ஒட்டாது. பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும், பசை எதுவும் தடவ வேண்டாம். கடலோர ஊர்களில் திறந்து வைத்த ஸ்பூல் ஈரம் குடித்து நூல் நூலாக இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள்.

உதிரி பாகத்தை வாங்கும்போதே கேளுங்கள். நாசில் ஒன்று, பிளேட் ஒன்று கூடுதலாக இருந்தால் வேலை நிற்காது.

யாருக்கு

மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு 3டி பிரிண்டர் இருக்கும். அது ஓடுகிறது என்றால் இதை வாங்க வேண்டாம். மேலே சொன்ன கோலப் பெட்டி அதிலும் வரும், அளவு பிடிக்க ஓரிரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். புதிதாக வாங்கும் வீட்டுக்கும் சின்ன ஆய்வகத்துக்கும், பிரிண்டரைப் பழுது பார்ப்பதைவிடப் பொருளை வரைவதில் நேரம் போக வேண்டும் என்பவர்களுக்கும் ஏ1 மினியைத் தயங்காமல் சொல்லலாம், ஏ.எம்.எஸ் இல்லாத பெட்டியாக.

ஐந்து சில்லு சோதனை அடிக்கும் அந்த முதல் பிளேட்டில் இடம் நிறைய மிஞ்சும். கோடே இல்லாமல் நடுவில் புள்ளி மட்டும் வைத்த நாலு வெறும் சில்லை அதில் சேர்த்து அடித்துப் பெட்டியோடு போடுங்கள், பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா.